கூரியரில் பழைய லென்ஸ் எடுக்கும் வன்னி ஆட்களே, காசு கட்டமுதல் இதை வாசியுங்கள்

கொழும்பிலிருந்து பழைய லென்ஸ், பில்டர் எல்லாம் கூரியரில் அனுப்பும் ஒரு பேஸ்புக் கடையைப் பற்றியது இந்தப் பதிவு. பெயர் போடவில்லை. போட்டால் நாளைக்கே வேறு பெயரில் வருவார்கள். அவர்கள் விற்கும் விதம் மாறாது என்பதால் அதைத்தான் எழுதுகிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம் பக்கத்தில் கமராப் பைத்தியம் பிடித்த பொடியள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இந்தக் கடையின் விளம்பரத்தைப் பார்த்திருப்பார்கள்.

நான் தேடியது ஹீலியோஸ் 44-2. சோவியத் காலத்து லென்ஸ், செனிற் கமராக்களோடு வந்தது. 58 மில்லிமீற்றர், எஃப் 2. ஜேர்மனியின் சைஸ் பயோட்டார் வடிவமைப்பைப் பின்பற்றிச் செய்தது. அப்பேச்சரை (வெளிச்சம் புகும் துளையை) முழுதாகத் திறந்து, ஆளுக்குப் பின்னால் இலைகுழையும் வெளிச்சமும் இருக்கும்படி எடுத்தால் பின்னணி சுழன்று நிற்கும். வடலிகளுக்கிடையால் பின்னேர வெயில் விழும்போது அது தரும் படம் வேறு எந்த லென்ஸிலும் எனக்குக் கிடைத்ததில்லை. சரியாகப் பார்த்தால் அது லென்ஸின் குறைதான். புதிய லென்ஸ்களில் அதைத் திருத்திவிட்டார்கள். நாங்கள் அந்தக் குறைக்காகவே காசு கொடுக்கிற ஆட்கள்.

விளம்பரத்தில் பங்கஸ் (பூஞ்சணம்) இல்லை, கீறல் இல்லை, லென்ஸை நிக்கோனில் பூட்டும் அடப்ரர் வளையம், புறஊதாவைத் தடுக்கும் யூவீ பில்டர், நீரின் மினுக்கத்தை வெட்டும் சீபிஎல் பில்டர் எல்லாம் சேர்த்து என்று இருந்தது. 30,000 ரூபாவுக்குக் கிட்ட விலை. ரோச் லைற்றைப் பின்பக்கத்தால் அடித்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டேன். உடனே அனுப்பினார்கள். பளிங்குபோல் கண்ணாடி. முன் வளையத்தில் தொடர் இலக்கம் 78 என்று தொடங்கியது. இந்த லென்ஸ்களில் முதல் இரண்டு இலக்கமும் பெரும்பாலும் செய்த ஆண்டைத்தான் குறிக்கும். அந்தப் படத்தை போனில் சேமித்து வைத்தேன், பிறகு அதுதான் உதவியது.

பார்சல் வந்த அன்று திறந்து பார்த்துவிட்டுக் காசு தருகிறேன் என்றேன். கூரியர் தம்பி தலையை ஆட்டிவிட்டார். "அண்ணை, காசு தந்தாப் பிறகுதான் உடைக்கலாம், எங்களுக்கு அப்பிடித்தான் சொல்லியிருக்கு." அவரில் பிழை இல்லை. பொருள் கையில் கிடைத்ததும் காசு என்பதை நாங்கள் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். உண்மையில் கையில் கிடைப்பது பெட்டிதான், பொருள் அல்ல.

பெட்டிக்குள் இருந்த லென்ஸின் இலக்கம் 84 என்று தொடங்கியது. படத்தில் காட்டியது ஒன்று, அனுப்பியது இன்னொன்று. அப்பேச்சரைத் திறந்து வைத்து, பின்பக்கத்தால் ரோச் அடித்துச் சரித்துப் பார்த்தால் உள் கண்ணாடியில் நூல் நூலாகப் பங்கஸ் படர்ந்திருந்தது. நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, சரித்தால்தான் தெரியும். முன் கண்ணாடியை மட்டும் நன்றாகத் துடைத்து விட்டிருந்தார்கள்.

கிளிநொச்சியில் நீண்டகாலமாக ஸ்ரூடியோ வைத்திருக்கும் ஒரு ஐயாவிடம் கொண்டுபோனேன். பிலிம் காலத்து ஆள். லென்ஸை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். "தம்பி, இது கோட்டிங்கைத் தின்னத் தொடங்கியிட்டுது. கழட்டித் துடைச்சாலும் அடையாளம் போகாது. உன்ரை மற்ற லென்ஸுகளோடை இதை வைச்சுப்போடாதை" என்றார். கோட்டிங் என்றது கண்ணாடியின் மேல் பூசிய மெல்லிய படலத்தை. அவருடைய கடைசி வசனத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பங்கஸின் வித்துகள் காற்றில் எங்கேயும்தான் இருக்கின்றன, ஈரம்தான் அவற்றை வளர்க்கிறது. ஐப்பசியில் மாரி தொடங்கினால் எங்கள் வீடுகளில் உடுப்பே பூக்கிறது, லென்ஸ் எம்மாத்திரம்? காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, இடைக்கிடை வெளியே எடுத்துப் பாவித்தால் பெரும்பாலும் தப்பலாம். ஆனாலும் ஐயா சொன்னதற்காக அதைத் தனியாகத்தான் வைத்திருக்கிறேன்.

பிறகு அவர் அடப்ரரைக் கையில் எடுத்தார். "இதிலை கண்ணாடி இல்லையே, நிக்கோனிலை போட்டால் தூரம் பிடியாது." அடுத்த நாள் விடிய இரணைமடுவுக்குப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதுதான். குளக்கட்டில் என் பக்கத்தில் நின்ற ஆளின் முகம் கூர்மையாக வந்தது. குளத்தில் வலை வீசும் தோணி வெறும் நிழல்.

விஷயம் இதுதான். லென்ஸின் பின் விளிம்பிலிருந்து பிலிம் அல்லது சென்சர் வரை ஒவ்வொரு வகைக் கமராவுக்கும் ஒரு நிரந்தர இடைவெளி உண்டு. ஹீலியோஸ் பாவிக்கும் எம்42 திருகுக்கு அது 45.46 மில்லிமீற்றர். நிக்கோன் எஃப் பொடிக்கு (லென்ஸ் இல்லாத கமராவுக்கு) 46.5. அதாவது நிக்கோனில் பூட்டிய உடனேயே லென்ஸ் ஒரு மில்லிமீற்றர் அளவு முன்னால் தள்ளி நிற்கும். 58 மில்லிமீற்றர் லென்ஸில் அந்த ஒரு மில்லிமீற்றர் போதும், சுமார் மூன்று மீற்றருக்கு அப்பால் எதற்கும் போகஸ் வராது. அடப்ரர் வளையம் தடிப்பாக இருந்தால் இன்னும் கிட்டத்திலேயே நின்றுவிடும். நடுவில் ஒரு சிறு கண்ணாடி வைத்த அடப்ரரும் இருக்கிறது. அதில் தூரம் பிடிக்கும், ஆனால் படம் மங்கும். கனன் ஈஎஃப் பொடிக்கு இடைவெளி 44 மில்லிமீற்றர் என்பதால் மெல்லிய வளையத்தோடேயே சரிவரும். உள்ளே ஆடி இல்லாத மிரர்லெஸ் கமராக்களில் இடைவெளி அதைவிடக் குறைவு, சோனி ஈ பொடிக்கு 18 மில்லிமீற்றர்தான். அவற்றுக்கு உரிய அடப்ரரோடு ஏறக்குறைய எல்லாப் பழைய லென்ஸும் பொருந்தும். லென்ஸ் விற்கிற ஒருவருக்கு இது தெரியாமல் இருக்காது. என்னிடம் இருப்பது நிக்கோன் டி7000 என்று முதலிலேயே எழுதியிருந்தேன். "சுப்பராப் பொருந்தும் அண்ணா" என்றுதான் பதில் வந்தது.

பில்டர்களுக்கு வருவோம். சீபிஎல் எனக்கு அலங்காரத்துக்கு அல்ல. குளத்து நீரில் மினுங்கும் வானத்தை வெட்டி, கீழே கிடக்கும் அல்லிக்கொடியைக் காட்ட அதுதான் வேண்டும். வந்த பெட்டியில் ஒரு ஜப்பான் கம்பனியின் பெயர் அழகாக அச்சடித்திருந்தது. வெள்ளைத் திரையைத் திறந்து வைத்த எல்சிடி மடிகணினிக்கு முன்னால் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். அந்தத் திரையின் ஒளி ஒரே திசையில்தான் அதிரும், சீபிஎல்லும் ஒரு திசையில் அதிரும் ஒளியைத்தான் உள்ளே விடும். ஆகவே உண்மையான சீபிஎல்லின் முன்பக்கத்தைத் திரைக்குக் காட்டித் திருப்பினால் ஓர் இடத்தில் கும்மிருட்டாகும், திருகு உள்ள பின்பக்கத்தைக் காட்டினால் இருளாது. இது எந்தப் பக்கம் பிடித்தாலும், எப்படித் திருப்பினாலும் அசையவில்லை. சுழலும் வளையத்துக்குள் வெறும் சாம்பல் நிறக் கண்ணாடி.

யூவீ பில்டரும் அப்படியே. ரியூப் லைற்றின் பிரதிபலிப்பை அதில் பிடித்துப் பாருங்கள். கோட்டிங் இருந்தால் அது மங்கலாக, பச்சை அல்லது ஊதா நிறத்தில் தெரியும். இதில் வெள்ளை வெளேரென்று முழுதாகத் தெரிந்தது. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு இப்படி ஒன்றைப் பூட்டிக்கொண்டு போனால் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு பேய் விளக்கும் படத்தில் விழும். டிஜிற்றல் கமராவில் சென்சருக்கு முன்னாலேயே புறஊதாவைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது. புழுதிக்கும் கீறலுக்கும் பயமென்றால் மட்டும் யூவீ போடுங்கள், இரவில் கழற்றிவிடுங்கள்.

கடைக்காரருக்குப் போன் எடுத்தேன். முதலில், "பழைய லென்ஸ்தானே அண்ணா, அப்படித்தான் இருக்கும்." இலக்கம் மாறியிருக்கிறதே என்றேன். "எல்லாம் ஒரே லென்ஸ்தானே." சரி, காசைத் திருப்பித் தாருங்கள் என்றேன். "கடைக்குக் கொண்டு வாங்க, பார்ப்பம்." எங்கிருந்து? 300 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் போய், ஒரு நாள் வேலையை விட்டு, "பார்ப்பம்" என்ற சொல்லை நம்பி யார் போவார்கள்? அது அவருக்கு நன்றாகத் தெரியும். கூரியரில் திருப்பி அனுப்புகிறேன் என்றதும் என் போன் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். பக்கத்தில் இருப்பவருக்கு இந்த லென்ஸை அவர் விற்றிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். கடைக்கு வந்து மேசையில் வைத்துச் சண்டை பிடிக்கக்கூடியவருக்கு அந்த 78ஐயே கொடுத்திருப்பார். தூரத்து விலாசத்தைப் பார்த்த பிறகுதான் எந்த லென்ஸை எடுப்பது என்று தீர்மானிக்கிறார்கள்.

ஆகவே தூரத்திலிருந்து வாங்குபவர்கள் படம் கேட்டால் போதாது. வட்ஸ்அப் வீடியோ அழைப்பில் இலக்கத்தையும் ரோச் வெளிச்சத்தையும் ஒரே ஓட்டத்தில் காட்டச் சொல்லுங்கள். அந்த இலக்கத்தைப் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவதற்குத்தான் பலர் பின்வாங்குவார்கள். பற்றுச்சீட்டு இருந்தால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977க்கு அழைத்து முறையிடும்போது காட்ட ஒரு தாளாவது இருக்கும். கமரா பொடி வாங்குபவர்கள் அந்த அழைப்பின்போதே ஒரு படம் எடுக்கச் சொல்லி, திருத்தாத கோப்பை அனுப்பச் சொல்லுங்கள். நிக்கோன் என்றால் ஷட்டர் எத்தனை தரம் அடித்தது என்பது அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கும்.

பழைய லென்ஸ் விற்பவர் எல்லோரும் கள்ளர் என்று சொல்ல வரவில்லை. உள்ளே ரெண்டு தூசி, முன் கண்ணாடியில் ஒரு மயிர்க்கீறல் என்றால் படத்தில் தெரியவே தெரியாது. அதற்காக விலை பேசி நல்ல விற்பனையாளரை வெறுப்பேற்றாதீர்கள். பின் கண்ணாடியில் கீறல் என்றால் மட்டும் யோசியுங்கள்.

அந்த விளம்பரம் இந்தக் கிழமையும் ஓடுகிறது. அதே 78 இலக்கப் படம், அதே விலை. இந்த முறை கனனுக்கான அடப்ரரோடு என்று போட்டிருக்கிறார்கள். வாங்குகிறவருக்குத் தூரமாவது பிடிக்கும்.