மேலே எக்ஸ்ஏ, அடியில் எக்ஸ்சி: கார் கேமராவுக்குச் சிப் வாங்கி ஏமாந்த கதை

கார் சென்சார் வேலையில் சின்ன டீமாக இருப்பவர்கள், "ஸ்டாக் கையில் இருக்கு" என்று சொல்லும் வியாபாரியிடம் எஃப்பிஜிஏ வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

2022இல் வேன்களுக்கான முன்பக்கக் கேமரா யூனிட் ஒன்று செய்துகொண்டிருந்தோம். முன்னால் போகும் வண்டியை மிகவும் நெருங்கினால் டிரைவரை எச்சரிக்கும் பெட்டி. உள்ளே ஜிங்க்-7020 என்ற எஃப்பிஜிஏ. வாங்கிய பிறகு நாமே சர்க்யூட்டை எழுதிக்கொள்ளும் சிப் இது. கேமரா படத்தை முழு ஃபிரேமும் சேரும்வரை காத்திராமல் வரிவரியாக அலசிவிடும். 2020இல் வந்த சுபாரு லெவோர்க்கின் ஐசைட் கேமராவில் இருப்பதும் இதன் பெரிய அண்ணன்தான். காருக்கென்றே எக்ஸ்ஏ என்று ஒரு ரகம் உண்டு, சிப்பின் உள்சூடு 125 டிகிரி வரை உத்தரவாதம். எக்ஸ்சி வரிசையில் வரும் கமர்ஷியல் ரகத்துக்கு 85தான்.

அது சிப் பஞ்ச காலம். அங்கீகாரம் பெற்ற டிஸ்ட்ரிபியூட்டர் 52 வாரம் ஆகும் என்றார். இந்த வியாபாரியோ, "எக்ஸ்ஏ 30 பீஸ் இருக்கு சார், நாளைக்கே அனுப்பிடறேன்" என்றார். நான்கு மடங்கு விலை, முழுப் பணமும் முன்னாடியே. கொடுத்தோம். வேக்யூம் கவர், ஈரப்பத அட்டை, தரச் சான்றிதழ் என்று எல்லாம் பக்காவாக வந்தன. 12 போர்டில் ஏற்றி, ஜேடேக் என்ற சோதனை இணைப்பு வழியாகச் சிப்பின் ஐடி படித்தேன், 7020 என்றே வந்தது. லேப் பெஞ்சில் பன்னிரண்டும் ஓடின. சரி, நல்ல சரக்குதான் என்று நம்பிவிட்டேன்.

மே மாதம் ஒரகடத்தில் வேனை வெயிலில் நிறுத்தி வைத்து சோதித்தோம். மதியம் இரண்டு மணிக்குக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த யூனிட்டில், சிப்பின் உள் வெப்பமானி 96 டிகிரி காட்டியது. படத்தின் கீழ்ப்பாதியில் முதலில் புள்ளி புள்ளியாக வந்தது. அப்புறம் படம் அப்படியே உறைந்து, யூனிட் தானாக ரீசெட் ஆனது. திரும்பி வர இரண்டு நொடி. 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 33 மீட்டர். அத்தனை தூரமும் வண்டி கண்ணை மூடிக்கொண்டு ஓடும்.

பன்னிரண்டில் ஐந்து இப்படி விழுந்தன. மெமரி டைமிங், வெப்பப் பட்டை என்று கண்டதையும் சந்தேகப்பட்டு இரண்டு வாரம் வீணடித்தேன். கடைசியில் ஏற்றாத சிப் ஒன்றை எடுத்து, அசிட்டோனில் நனைத்த பஞ்சால் மேலே தேய்த்தேன். பஞ்சு கறுப்பானது. லென்ஸில் பார்த்தால் குறுக்கே உப்புத்தாள் கோடுகள். மூலையில் முதல் பின்னைக் காட்டும் குழி பாதி ஆழம்தான் மிச்சம். அந்தக் கோடுகளுக்கு நடுவே, மங்கலாக, பழைய எக்ஸ்சி. தேய்த்து, கறுப்புப் பூசி, புதிதாக எழுத்துப் பொறித்திருக்கிறார்கள்.

ஜேடேக் ஐடி சிப் எது என்று சொல்லும், எந்த ரகம் என்று சொல்லாது. எக்ஸ்ஏ, எக்ஸ்சி இரண்டுக்கும் ஒரே ஐடிதான். ரகத்தைத் தீர்மானிப்பது தொழிற்சாலையில் நடக்கும் சோதனையும், கார் சிப்புகளுக்கான ஏஇசி-க்யூ100 தகுதியும்தான். அதனால் பெஞ்சில் ஓடியதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பூச்சு நல்ல ரகமாக இருந்தால் அசிட்டோனுக்கும் அசையாது.

வியாபாரிக்கு போட்டோ அனுப்பினேன். "போர்டுல வேலை செஞ்சதுல்ல சார்? அப்புறம் என்ன?" என்றார். பில்லின் பின்பக்கம், பொடி எழுத்தில்: ஏழு நாளுக்குள், சால்டர் செய்யாத சரக்கு மட்டுமே திரும்ப எடுக்கப்படும். தரச் சான்றிதழும் அவர் லெட்டர்ஹெட்டில் அவரே அடித்துக்கொண்டதுதான். டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து வாங்கியதற்கான பில்லைக் காட்டச் சொல்லி அவரிடம் கேட்டேன், அத்தோடு அவர் போனை எடுப்பதில்லை.

அந்த பில்லைப் பணம் கட்டும் முன் கேட்டிருக்க வேண்டும். வியாபாரி தயங்கினால் அங்கேயே விலகிவிடுங்கள். வேறு வழியே இல்லையென்றால், இரண்டு பீஸை வெளி லேபில் எக்ஸ்ரேயும் பூச்சுச் சோதனையும் சூட்டுச் சோதனையும் செய்து பார்த்த பிறகுதான் மீதிப் பணம் என்று எழுத்தில் வாங்குங்கள். அதற்கு ஒத்துக்கொள்கிற ஆளா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

ஏற்றாத மீதிச் சிப்புகள் அலமாரியில் கிடக்கின்றன. டிரே மேல் சிவப்பு மார்க்கரில் "பெஞ்சுக்கு மட்டும், வண்டியில் ஏற்றாதே" என்று எழுதி வைத்திருக்கிறேன்.