16 இருக்கைகளும் ஒரு புதன்கிழமையும்: கோ-வொர்க்கிங் சேவை ஒன்றில் பதினோரு மாதங்கள்

முப்பது பேர் பணிபுரியும் எங்கள் நிறுவனம், ஐந்தாண்டுக் குத்தகை முடிந்ததும் தனி அலுவலகத்தை விட்டுவிட்டு, கோ-வொர்க்கிங் சேவை ஒன்றில், அதாவது பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் அலுவலக இடத்தில், மாத வாடகைக்கு 16 இருக்கைகளை எடுத்துக்கொண்டது. அதன்பின் பதினோரு மாதங்கள் ஆகிவிட்டன. பாதிப்பேர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும்போது இவ்வளவு இடத்துக்கு ஏன் வாடகை கொடுக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அன்றாட வசதிகளில் எனக்குக் குறையில்லை. மின்சாரம், இணையம், துப்புரவு, வரவேற்பாளர் எல்லாம் ஒரே பில்லில் அடங்கிவிடுகின்றன. குளிர்சாதனம் பழுதானால் ஆள் தேடி அலையும் வேலை எங்களுக்கு இல்லை. இருக்கை முன்பதிவுக்கான செயலியும் ஒழுங்காக இயங்குகிறது.

இருக்கைகளின் எண்ணிக்கையில்தான் தவறினோம். ஒப்பந்தத்துக்கு முன் யார் எந்த நாளில் அலுவலகம் வருகிறார்கள் என்று சில வாரங்கள் குறித்துவைத்தோம்: திங்கள் 9, செவ்வாய் 20, புதன் 24, வியாழன் 17, வெள்ளி 7. சராசரி பதினைந்தைச் சற்றே தாண்டியது. சேவை நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி அந்தச் சராசரியை வைத்தே 16 இருக்கைகள் போதும் என்றார், நாங்களும் ஒப்புக்கொண்டோம். ஆனால் சராசரி நாள் என்று ஒரு நாள் வாரத்தில் வருவதே இல்லை. வெள்ளிக்கிழமை ஒன்பது நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. புதன்கிழமையோ எட்டுப் பேர் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு உணவுக்கூடத்தில் அமர்ந்திருந்தார்கள். இரண்டு மணி நேரம் பயணம் செய்து வந்த ஒருவர், அமர இடமில்லாமல் நண்பகலிலேயே வீடு திரும்பிய நாளை என்னால் மறக்க முடியவில்லை.

அலுவலக இடத்தின் தேவையை நிர்ணயிப்பது வீட்டிலிருந்து வேலை செய்வோரின் விகிதம் அல்ல, எல்லோரும் ஒன்றாக வரும் நாள் என்பதை நான் பிறகுதான் உணர்ந்தேன். சீனாவின் பயண முன்பதிவு நிறுவனமான டிரிப்.காமில் 1,612 ஊழியர்களை வைத்து நடந்து, 2024இல் நேச்சர் அறிவியல் இதழில் வெளியான ஆய்வு இங்கே கவனிக்கத்தக்கது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதிக்கப்பட்டவர்களிடையே பணிவிலகல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அவர்களுக்குத் தரப்பட்ட நாள்கள் புதனும் வெள்ளியும். ஊழியர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் எல்லோருக்கும் அதே இரண்டு நாள்களைக் கொடுத்தால் மற்ற மூன்று நாள்களில் எல்லோரும் வந்துவிடுவார்கள், ஆகவே ஒரு நாற்காலியைக்கூடக் குறைக்க முடியாது. குழுக்களுக்கு வெவ்வேறு நாள்களைப் பிரித்துக் கொடுத்தால் இடம் மிச்சமாகும். ஆனால் சேர்ந்து பேச வேண்டியவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவே முடியாமல் போகும்.

இன்னொன்று, வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள் என்பது. தனியாக அமர்ந்து செய்யும் வேலையை வீட்டில் முடித்துவிட்டு, கூடிப் பேசவே அலுவலகம் வருகிறார்கள். இந்தச் சேவையோ இன்னும் மேசைகளை வரிசையாக அடுக்கிவைத்து அவற்றையே விற்கிறது. கூட்ட அறைகள் தளத்துக்கு இரண்டே. செவ்வாய் முதல் வியாழன் வரை அவை ஒரு வாரம் முன்பே நிரம்பிவிடும். தொலைபேசிக் கூண்டுகளில் காற்றோட்டம் போதவில்லை. காணொளி அழைப்பில் இருப்பவர்கள் மேசையிலிருந்தே பேச, பக்கத்தில் இருப்பவரின் வேலை கெடுகிறது. மூன்று முறை எழுத்தில் புகார் அளித்தும் அறைகளின் எண்ணிக்கை மாறவில்லை.

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, ஒரு மாத முன்னறிவிப்பில் வெளியேறலாம் என்பது பெரிய நிம்மதி. ஆயினும் அந்தச் சுதந்திரத்தின் சுமையை வேறொருவர் சுமக்கிறார் என்பதை நினைவில் கொள்ளுங்கள். கட்டட உரிமையாளரிடம் நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்து, வாடிக்கையாளருக்குக் குறுகிய காலத்துக்கு விடும் முறையில்தான், 2019 ஜனவரியில் 4,700 கோடி டாலராக மதிப்பிடப்பட்ட கோ-வொர்க்கிங் நிறுவனமான வீவொர்க் 2023 நவம்பரில் திவால் பாதுகாப்புக் கோரும் நிலைக்கு வந்தது. எனவே, சேவை நிறுவனத்தின் குத்தகை எதுவரை உள்ளது, அது முறிந்தால் உங்கள் முன்பணம் எப்படித் திரும்பும் என்று கையெழுத்திடும் முன் கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்டபோது முதல் கேள்விக்கு மட்டும் தெளிவான பதில் கிடைத்தது.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருவேன். பத்துப் பேருக்குள் உள்ள நிறுவனங்கள் தயங்காமல் சேரலாம். நாங்கள் வெளியேறப்போவதில்லை, புதுப்பிக்கும்போது இருக்கைகளை 12ஆகக் குறைத்துக்கொண்டு, செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாள்களுக்கு மட்டும் பன்னிரண்டு பேர் அமரும் அறை ஒன்றை நிலையாக ஒதுக்கித் தருமாறு கேட்டிருக்கிறோம். அறையை வாரம் முழுவதற்கும் எடுத்தால்தான் தர முடியும் என்று அவர்கள் சொல்கிறார்கள். பேச்சு இன்னும் முடியவில்லை.