ஈவ் ஆன்லைன்: அடியை ஷீல்டில் வாங்குவதா, ஆர்மரில் வாங்குவதா?

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003-இல் வெளியிட்ட விண்வெளி விளையாட்டு ஈவ் ஆன்லைன். அதில் க்ரூஸர் என்ற நடுத்தரப் போர்க்கப்பலை விட்டு, அதைவிடப் பெரிய பேட்டில்க்ரூஸருக்கு ஏறும்போது, கப்பலின் உயிரை எதில் நம்பி வைப்பது என்ற கேள்வி வந்தே தீரும்: வெளியே சூழும் ஆற்றல் கவசமான ஷீல்டிலா, அதற்கு உள்ளே இருக்கும் கெட்டிக் கவசமான ஆர்மரிலா? கால்டாரி இனத்தாரின் ஷீல்டு கப்பலான டிரேக்கா, அமாரர் இனத்தாரின் ஆர்மர் கப்பலான ப்ராஃபெஸியா என்று யோசித்து நான் டிரேக்கை எடுத்தேன். ஆகவே இது ஷீல்டுக்காரனின் வாதம். நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

தெரிந்ததைச் சட்டென்று முடித்துவிடலாம். கப்பலில் சாமான் மாட்டும் இடத்துக்கு ஸ்லாட் என்று பெயர். ஷீல்டு சாமான்கள் பெரும்பாலும் மிட் ஸ்லாட்டில் உட்காரும், ஆர்மர் சாமான்கள் லோ ஸ்லாட்டில். ஷீல்டின் கொள்ளளவைக் கூட்டும் எக்ஸ்டெண்டரை மாட்டினால் சிக்னேச்சர் (எதிரியின் கருவிக்குக் கப்பல் தெரியும் அளவு) பெருத்து, எதிரியின் அடி நன்றாகப் பதியும். ஆர்மருக்குத் தகடு ஏற்றினால் எடை கூடி, கப்பல் திரும்பவே நேரமாகும்.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. ஷீல்டு ஊற்றுக் கிணறு மாதிரி, இறைக்க இறைக்க ஊறும். ஆர்மரில் விழுந்த ஓட்டை, யாராவது அடைக்கும்வரை அப்படியே கிடக்கும்.

ஷீல்டு 10,000 புள்ளி, நிரம்பும் காலம் 1,000 விநாடி என்று வைத்துக்கொள்வோம். சராசரி விநாடிக்கு 10. ஆனால் ஊறும் வேகம் ஒரே சீராக இருக்காது. நிறைந்திருக்கும்போது மந்தம், குறையக் குறைய வேகமெடுத்து, கால்வாசி அளவில் சராசரியைப் போல் இரண்டரை மடங்கை, அதாவது விநாடிக்கு 25 புள்ளியைத் தொடும். அதற்கும் கீழே போனால் ஊற்று படுத்துவிடும். அதனால் 30 சதவீதம் தெரிந்ததுமே ஓடத் தயாராகிவிடுவேன். எக்ஸ்டெண்டர் கொள்ளளவைக் கூட்டும், நிரம்பும் காலத்தைத் தொடாது. ஒவ்வொன்று மாட்டும்போதும் ஊறும் வேகமும் சேர்ந்தே ஏறுகிறது.

இப்படித் தானாக ஊறுவதற்கு, கப்பலின் மின்சேமிப்பான கெபாசிட்டரிலிருந்து ஒரு சொட்டுகூடச் செலவில்லை. ஆர்மரின் ஓட்டையை அடைக்கும் ரிப்பேரரோ ஒவ்வொரு சுற்றுக்கும் கேப் (கெபாசிட்டர் மின்சாரம்) தின்னும். எதிரி நியூட் என்ற கருவியைப் போட்டு அதைக் காலிசெய்தால் ரிப்பேரர் நின்றுவிடும். இன்னொன்று: கேப் செலவழித்து ஷீல்டை நிரப்பும் பூஸ்டர் சுற்றின் தொடக்கத்திலேயே பலன் தரும், ஆர்மர் ரிப்பேரர் சுற்று முடியும்போதுதான் தரும். கடைசி நேரத்தில் அந்தச் சில விநாடிகள் பெரிய விஷயம்.

டிரேக்கிலும் அடியின் வீரியத்தைக் குறைக்கும் ஹார்ட்னர்களுக்கு கேப் வேண்டும். நியூட் விழுந்தால் அவையும் அணையும். போதாக்குறைக்கு, ஊறும் வேகத்துக்காக லோ ஸ்லாட்டில் ரிலேக்களை நிரப்பினால் ஏவுகணையின் வீரியத்தைக் கூட்டும் சாமான்களுக்கு இடமிருக்காது. சாகமாட்டோம் சரி, எதிரியும் சீக்கிரம் சாகமாட்டான்.

ப்ராஃபெஸியின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஷீல்டுக்கு ஈஎம் (மின்காந்த) அடி ஆகாது. ஆர்மருக்கு வெடிப்பு அடி ஆகாது. விளையாட்டே இயக்கும் எதிரிக் கூட்டங்களில் பிளட் ரெய்டர்களும் சன்ஷாக்களும் அடிப்பது ஈஎம், வெப்பம். அவர்கள் பகுதியில் குடியிருப்பவர் ஆர்மர் கட்டுவதே புத்திசாலித்தனம். நான் சுற்றுவது குரிஸ்டாஸ் என்ற இன்னொரு கூட்டத்தின் பக்கம். அங்கே கைனெடிக்கும் (மோதல் அடி) வெப்பமும்தான், டிரேக் அசராது. ஆளோடு ஆள் மோதும் சண்டையிலும் ஆர்மர்காரருக்கு ஒரு வசதி: எதிரியை ஓடவிடாமல் பிடிக்கும் ஸ்க்ராம்ப்ளர், வெப் எல்லாம் கேட்பது மிட் ஸ்லாட்டை. அவருக்கு அது காலியாக இருக்கும்.

பெரிய படைச் சண்டையில் என் அனுபவம் சொற்பம். அங்கே கப்பலின் சொந்த ஊற்றுக்கு அவ்வளவு மதிப்பில்லை. ஆர்மர் படை என்றால் கார்டியன், ஷீல்டு படை என்றால் பாசிலிஸ்க் என்று, மற்றக் கப்பல்களைச் சரிசெய்யும் லாஜிஸ்டிக்ஸ் கப்பல்கள்தான் உயிரைப் பிடித்துவைக்கும். படைத்தலைவர் எதைச் சொல்கிறாரோ அதைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

இரண்டிலும் மனம் நிற்காதவர்களுக்கு மின்மட்டார் இனத்தாரின் பேட்டில்க்ரூஸரான ஹரிகேன் இருக்கிறது, எப்படி வேண்டுமானாலும் கட்டலாம். ஆனால் ஷீல்டு, ஆர்மர் இரண்டு வகைத் திறன்களையும் பயில வேண்டும். அந்தப் பயிற்சி நிஜக் கடிகாரத்தின்படிதான் ஓடும்.