டிஸ்சார்ஜுக்கு ஏழு மணித்தியாலம்

காலை 9 மணிக்கு டொக்டர் வந்து பார்த்துவிட்டு, "இண்டைக்கு வீட்டை போகலாம்" என்றார். மாமி உடனே சீலை மாற்றி, தலை வாரி, மூடி இல்லாத பிளாஸ்கைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியது பின்னேரம் 4 மணிக்கு. அமெரிக்காவின் நியூ ஜேர்சியிலிருந்து கொழும்புக்கு வந்த இந்தப் பயணத்தில் விமானம், மழை, காலி வீதி நெரிசல் எல்லாம் வழக்கம்போலத்தான். இது மட்டும் மனதில் நின்றுவிட்டது.

மச்சானின் கம்பனிக் காப்புறுதியில் மாமியின் பெயரும் இருக்கிறது. அட்டையைக் காட்டினால் போதும், ஆஸ்பத்திரியே கணக்கை முடித்துக்கொள்ளும் என்றுதான் பேச்சு. ஆனால் வார்ட்டிலிருந்து பில் கீழே வர வேண்டும், டொக்டரின் அறிக்கை அதோடு சேர வேண்டும், இரண்டும் காப்புறுதிக் கம்பனிக்குப் போக வேண்டும், அங்கிருந்து சம்மதம் வர வேண்டும். கவுண்டரில் இருந்த பிள்ளை ஒவ்வொரு முறையும் முகம் சுளிக்காமல், "அண்ணா, அப்ரூவல் இன்னும் வரேல்லை, கொஞ்சம் இருங்கோ" என்றது. பன்னிரண்டரைக்கு அந்தப் பிள்ளையும் சாப்பிடப் போய்விட்டது. கதிரை முதுகில் தொங்கிய குடையைப் பார்த்தபடி முக்கால் மணித்தியாலம் நின்றேன்.

கடைசியில் வந்த சம்மதத்திலும் வெட்டு. அறை வாடகை நாள் வரம்பைத் தாண்டிவிட்டதாம். கையுறை, பஞ்சு, மாமி வாயில் வைக்காமல் திருப்பி அனுப்பிய சூப் எதுவும் காப்புறுதியில் சேராதாம். அதையெல்லாம் நான் கட்டினேன். "நியூ ஜேர்சியில் இப்படி ஆளை இருத்தி வைக்க மாட்டார்கள்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

ஓட்டோவில் மாமி கேட்டார்: "அங்க உனக்கு எவ்வளவு தம்பி?"

அதுதான் வினை. வேலை போனபின் நான் மாநிலத்தின் காப்புறுதிச் சந்தையான கெட் கவர்ட் என்ஜேயில் சொந்தமாகக் காப்புறுதி வாங்கியதைச் சொன்னேன். புரோன்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்ட் என்று வகைகள் உண்டு என்றேன். "நகைக்கடையோ?" என்றார். புரோன்ஸ் என்றால் சிகிச்சைச் செலவில் சராசரியாக நூற்றுக்கு 60ஐக் காப்புறுதி ஏற்கும், சில்வர் 70, கோல்ட் 80. மாதக் கட்டணம் குறைந்தது என்று நான் பிடித்தது புரோன்ஸ். அதில் பெரும்பாலான சிகிச்சைக்கு முதலில் ஒரு பெரிய தொகை என் கையிலிருந்து போக வேண்டும், பிறகுதான் அவர்கள் கொடுக்கத் தொடங்குவார்கள். 2025இல் தனி ஆள் ஒரு வருடத்தில் இப்படிக் கையிலிருந்து கட்டுவதற்கு உச்சவரம்பு 9,200 டாலர், மாதக் கட்டணம் அதற்கு வெளியே. வேண்டாம் என்று சும்மா இருக்கவும் முடியாது. 2019 முதல் காப்புறுதி இல்லாதவருக்கு விலக்கு ஏதும் இல்லாவிட்டால் மாநில வரியோடு தண்டம். ஒன்று மட்டும் பெருமையாகச் சொன்னேன்: மாமிக்கு இருக்கும் சீனி வருத்தத்தையும் பிரஷரையும் காட்டி அங்கே யாரும் காப்புறுதி தர மறுக்கவோ கூடுதல் கட்டணம் கேட்கவோ முடியாது.

"பில்?"

அங்கே பில்லுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பில் பிறகு தபாலில் வரும், டொக்டருக்கு ஒன்று, இரத்தப் பரிசோதனைக்கு ஒன்று, ஸ்கானுக்கு ஒன்று. சிலது மூன்று மாதம் கழித்து. கொழும்பில் எல்லாம் ஒரே தாளில் கையில் வந்துவிட்டதே என்று அப்போதுதான் உறைத்தது.

மாமி மயங்கி விழுந்த அன்று இரவு 1990 என்ற இலவச ஆம்புலன்ஸ் இலக்கத்துக்குத்தான் எடுத்தோம். ஆம்புலன்ஸ் வந்தது, அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், ஒரு சதம் கேட்கவில்லை. அமெரிக்காவில் எதிர்பாராத பில்களைத் தடுக்கவென்று 2022இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டத்திலேயே தரையில் ஓடும் ஆம்புலன்ஸைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். விடிந்ததும் வார்ட்டுக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, தனியாருக்கு மாற்றுவோம் என்று ஒற்றைக் காலில் நின்றது வேறு யார், நான்தான்.

வீட்டு வாசலில் இறங்கும்போது மாமி சொன்னார்: "தம்பி, நாளைக்கு அந்த முதல் ஆஸ்பத்திரிக்கு ஒருக்கால் போய் வா. பிளாஸ்க் மூடி அங்கதான் கிடக்கு."