வாண்டர்பில்ட் படிவம்: கூட்டல் சுலபம், 'அடிக்கடி'தான் சிக்கல்

6 முதல் 12 வயதுப் பிள்ளைகளின் ஏடிஹெச்டி (கவனக்குறைவும் மிகையான துறுதுறுப்பும் கொண்ட கோளாறு) அறிகுறிகளைக் கணிக்க உதவும் இலவசப் படிவம் இது. பெற்றோருக்கு 55 கேள்விகள், ஆசிரியருக்கு 43. ஒவ்வோர் அறிகுறிக்கும் 0 (இல்லவே இல்லை), 1 (எப்போதாவது), 2 (அடிக்கடி), 3 (மிக அடிக்கடி) என மதிப்பெண். வடிகட்டத்தான் உதவும், முடிவு சொல்ல அல்ல. கவனக்குறைவின் 9 அறிகுறிகளில் குறைந்தது 6-க்கு 2 அல்லது 3 மதிப்பெண் விழுந்து, படிப்பிலோ பழகுவதிலோ பாதிப்பும் தெரிந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டும்.

ஆனால் 'அடிக்கடி' என்பதற்கு வீட்டுக்கு வீடு அளவு மாறும். அசையாமல் உட்காருவதே ஒழுக்கம் என்னும் வீட்டில் சாதாரணத் துறுதுறுப்பும் 3 வாங்கிவிடும். ஓடியாடுவதை ரசிக்கும் வீட்டில் உண்மையான அறிகுறிக்கே 0 விழும். படிவத்தில் வரும் 'மோட்டார் பூட்டியதுபோல' என்ற வரியை அப்படியே மொழிபெயர்த்தால் பலர் விழிப்பார்கள். வகுப்பு மொழி புரியாத பிள்ளைக்கும் கவனக்குறைவுப் பகுதி நிரம்பிவிடும் (இதுதான் பெரிய ஓட்டை). படிவம் நிரப்பியவரிடம் ஒவ்வொரு 3-க்கும் 'கடைசியாக எப்போது, எங்கே நடந்தது?' என்று கேளுங்கள். அதே வயது உறவுப் பிள்ளைகளோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.