50 மீட்டர் சுடுதளத்தில் இலக்குக்குப் பின்னால் குண்டை நிறுத்தும் பின்தடுப்பு: மண்மேடா, எஃகுத் தகடா, ரப்பரா?

.22 (0.22 அங்குலக் குறுக்களவு) ரைஃபிள் குண்டு ஒன்றின் எடை 2.6 கிராம். ஒருவர் 60 குண்டு சுட்டால் 156 கிராம் ஈயம். நாளுக்கு 20 பேர், ஆண்டுக்கு 200 நாள் என்று வைத்தால் 620 கிலோவைத் தாண்டும். பத்து லேன் (ஒருவர் நின்று சுடும் தடம்) இருந்தால் லேனுக்கு 62 கிலோ. சுடுபவர்கள் தேர்ந்தவர்கள் என்றால் அதில் பெரும்பகுதி ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இடத்தில் போய்ச் சேரும். குண்டை நிறுத்துவதில் மண், எஃகு, ரப்பர் மூன்றுமே தேறிவிடும். ஆறு மாதம் கழித்து அந்தத் தட்டளவு இடம் என்ன நிலையில் இருக்கிறது என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

திறந்தவெளிக்கு மண்மேடுதான் முதல் தேர்வு. ஆனால் அது மலிவு என்று சொல்பவர்கள் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். உயரம் 5 மீட்டர், உச்சியின் அகலம் 1.5 மீட்டர், முன்சரிவு 1:1.5 (1 மீட்டர் உயரத்துக்கு 1.5 மீட்டர் கிடைநீளம்), பின்சரிவு 1:2, நீளம் 25 மீட்டர் என்றால் சுமார் 1,280 கன மீட்டர், அதாவது 450 யூனிட் மண். இது இறுகிய பிறகு நிற்கும் அளவு. தளர்வாக வந்து இறங்கும் மண்ணை 540 யூனிட் வரை வாங்க வேண்டியிருக்கும். 30 செ.மீ. அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்ட வேண்டும். டிப்பரில் கொட்டி அப்படியே விட்டால் முதல் வடகிழக்குப் பருவமழையிலேயே உச்சி உட்கார்ந்துவிடும். கரிசல் மண் கூடவே கூடாது: வெயிலில் பிளக்கும், மழையில் வழியும். உட்புறத்துக்குச் செம்மண் போதும்.

குண்டு படும் முகப்புக்கு மட்டும் குறைந்தது 60 செ.மீ. ஆழத்துக்குச் சலித்த மணல் வேண்டும். எம்-சாண்ட் போடலாம், ஆனால் அப்படியே போட்டால் கருங்கல் சில்லுகளும் கூடவே வரும். 2.36 மி.மீ. சல்லடையில் சலித்துப் போடுங்கள். உலர்ந்த மணல் தானாக நிற்கும் சரிவு ஏறத்தாழ 34 டிகிரி. மழை அடித்து அடிப்பகுதி தட்டையானால் குண்டு புதையாமல் வழுக்கி மேலே எகிறத் தொடங்கும். 30 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் மண்வெட்டியை எடுத்துவிட வேண்டும்.

மண்மேட்டில் பலர் கவனிக்காத கோளாறு ஈயக் கட்டி. 50 மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மி.மீ.தான். ஒரே இடத்தில் அடி விழுந்துகொண்டே இருக்க, அங்கே முதலில் குழி விழும், பிறகு குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கட்டியாகும். அதற்குப் பிறகு குண்டு படுவது மணலில் அல்ல, ஈயத்தில். எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் வாரம் ஒருமுறை குழியைக் கிளறி மூட வேண்டும். முகப்பு மணலை ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன் செப்டம்பரிலேயே, சலித்து ஈயத்தைப் பிரித்துவிடுங்கள். மண்ணின் பிஎச் 6.5-க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்பு இட வேண்டும், ஏனெனில் புளிப்பு மண்ணில் ஈயம் கரைந்து தண்ணீரோடு நகரும். பின்சரிவில் வெட்டிவேர் நட்டால் மண் பிடித்து நிற்கும். முன்சரிவில் எதுவும் வேண்டாம். ஆடு மாடுகளையும் அந்தப் பக்கம் விடக் கூடாது.

எஃகுத் தகடு இடத்தை மிச்சம் பிடிக்கும். உள்ளரங்கத்தில் .22-க்கு 6 மி.மீ. தகட்டின் மேல்விளிம்பைச் சுடுபவர் பக்கம் 45 டிகிரி சாய்த்து, கீழே மணல் தொட்டி வைத்தால் நன்றாகவே வேலை செய்யும். குண்டு கீழ்நோக்கித் திரும்பித் தொட்டியில் விழும். பெரிய ரைஃபிள் என்றால் கதையே வேறு. .308 குண்டு கொண்டுவரும் ஆற்றல் சுமார் 3,400 ஜூல், .22-இன் ஆற்றல் சுமார் 140. சாதாரண இரும்பில் .308 பள்ளம் போடும். அந்தப் பள்ளத்தில் விழும் அடுத்த குண்டின் சிதறல் சுட்டவரை நோக்கியே திரும்பும். அதற்கு ஏஆர்500 போன்ற கடின எஃகுதான் சரி. அதையும் கேஸ் கட்டரில் வெட்டினால் விளிம்பு மென்மையாகிவிடும், வெல்டிங் வைத்த இடமும் அப்படியே. இணைப்புகளை ஓடு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, சுடும் பக்கம் விளிம்போ போல்ட் தலையோ தெரியாமல் அமைக்க வேண்டும். எஃகில் மோதும் ஈயம் தூளாகிக் காற்றில் மிதக்கும். காற்றோட்டம் சுடுபவரின் முதுகிலிருந்து இலக்கை நோக்கி ஓட வேண்டும். துடைப்பத்தால் உலர்வாகக் கூட்டுவது அந்தத் தூளை மூச்சில் ஏற்றும் வேலை, ஈரத்துணிதான் சரி.

ரப்பர் துகளை நிரப்பி, அதில் குண்டு புதைந்து நிற்கும்படி அமைத்த பொறியில் சிதறல் குறைவு, ஈயத் தூசியும் குறைவு. குண்டு முழுதாகவே கிடைக்கும். ஆனாலும் .22 மட்டும் சுடும் கிளப்புக்கு இது வீண் செலவு என்பதே எங்கள் கருத்து. ரப்பருக்குள்ளும் ஈயம் கட்டி தட்டும், அதையும் தோண்டி எடுத்தாக வேண்டும். பாதை தெரிய எரிந்துகொண்டே பறக்கும் டிரேசர் குண்டு ஒன்று புகுந்தால் உள்ளே புகைந்து தீப்பிடிக்கும், அணைப்பது பெரும்பாடு. பழைய டயரை அடுக்கிச் சமாளிக்கலாம் என்ற யோசனை அடிக்கடி எழும். ஆனால் கெட்டியான ரப்பரில் பட்ட மென்மையான ஈயக்குண்டு பந்துபோலத் திரும்பி வரும்.

மூன்றில் எதைக் கட்டினாலும் உயரத்தை மட்டும் நம்பக் கூடாது. துப்பாக்கி முனை ஒரு டிகிரி தூக்கினால் 50 மீட்டரில் குண்டு 87 செ.மீ. மேலே போகும். 5 டிகிரிக்கு 4.4 மீட்டர். நின்று சுடுபவரின் முனை உயரம் 1.5 மீட்டரையும் கூட்டினால் 5.9. நம் 5 மீட்டர் மேட்டுக்கு மேலாகவே போய்விடும், தாண்டிய .22 குண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். 300 மீட்டர் தளத்திலோ ஒரு டிகிரிக்கே 5.2 மீட்டர். இதற்குத்தான் பேஃபிள் என்னும் மேல் தடுப்புகள்: .22-க்கு 6 மி.மீ. தகடு, சுடுபவர் பக்கம் சிதறலைப் பிடிக்க 18 மி.மீ. பிளைவுட். முதல் தடுப்பு சுடுமிடத்துக்கு அருகிலேயே தொடங்க வேண்டும். படுத்து, மண்டியிட்டு, நின்று என மூன்று நிலையிலும் ஒவ்வொரு லேனிலும் கண்ணை முனை உயரத்தில் வைத்துப் பாருங்கள். தடுப்புகளுக்கும் மேட்டு உச்சிக்கும் இடையே ஒரு கீற்று வானம் தெரிந்தாலும் இன்னொரு தடுப்பு வேண்டும்.