ஏப்ரலில் ஸ்காட்லாந்து மலைக்கு: ஃபோர்ட் வில்லியமா, அவிமோரா?

கிளாஸ்கோவிலிருந்து ரயிலில் போக வேண்டும், கார் கிடையாது, கையில் மூன்று நாட்கள், மாதம் ஏப்ரல். இப்படிக் கணக்குப் போட்டால் தங்குவதற்குக் கடைசியில் மிஞ்சுபவை இரண்டு ஊர்கள்: மேற்கே ஃபோர்ட் வில்லியம், கிழக்கே அவிமோர். இரண்டிலும் ஏப்ரலில் தங்கியிருக்கிறேன். இந்த முறை தயங்காமல் அவிமோரில் அறை பதிவு செய்தேன். அவிமோருக்கு இது நான்காவது பயணம், ஃபோர்ட் வில்லியமுக்குப் போனது ஒரே ஒரு தடவை. அதையும் மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அழகு என்று மட்டும் பார்த்தால் மேற்குதான். ரானக் சதுப்பு வெளியைக் கடந்து போகும் அந்த ரயில் பாதைக்கு ஈடாகச் சொல்ல அவிமோர் வழியில் எதுவும் இல்லை. பிரிட்டனிலேயே உயரமான பென் நெவிஸ், 1,345 மீட்டர், ஊருக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. கிளென் கோ மலைப் பள்ளத்தாக்கு பஸ்ஸில் போகும் தூரத்தில் இருக்கிறது. செலவில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. பயண நேரம் அவிமோருக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, ஃபோர்ட் வில்லியமுக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் ஃபோர்ட் வில்லியமுக்கு ஒரு நாளைக்கு ஓடும் ரயில்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

மழைக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்கு மலைகளில் முட்டி அங்கேயே கொட்டிவிடுகிறது, கிழக்கே மிச்சம்தான் போகிறது. 1883 முதல் 1904 வரை பென் நெவிஸ் உச்சியில் ஒரு வானிலை நிலையம் இயங்கியது. அங்கே பதிவான சராசரி ஆண்டு மழை 4,000 மில்லிமீட்டருக்கு மேல். அவிமோரில் ஆயிரத்துக்கும் கீழ்.

ஆனால் இதை மட்டும் நம்பி முடிவெடுத்தால் ஏப்ரல் ஏமாற்றிவிடும். வசந்த காலத்தில் காற்று அடிக்கடி திசை மாறி வடகிழக்கிலிருந்து வீசும். அப்போது கதை தலைகீழ்: மேற்கில் வெயில், கிழக்கில் பனி. என் இரண்டாவது அவிமோர் பயணத்தில் ஏப்ரல் நடுவில் காலை உணவு நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் கிளென் கோவிலிருந்து நண்பர் அனுப்பிய படத்தில் வானம் துடைத்துவிட்டதுபோல் நீலமாக இருந்தது. ஏப்ரலில் குயில் வரும் சமயத்தில் அடிக்கும் இந்தப் புயலுக்கு ஸ்காட் மொழியில் 'கவுக்' புயல் என்று பெயரே உண்டு. கவுக் என்றால் குயில். கிழக்கு சாதுவான இடமும் அல்ல. அவிமோருக்கு மேலே கெய்ர்ன் கோர்ம் உச்சியில் 1986 மார்ச் 20 அன்று மணிக்கு 173 மைல் வேகக் காற்று பதிவாகியிருக்கிறது. அந்த மேட்டு நிலம் ஏப்ரலில் முழுக் குளிர்காலத்தில்தான் இருக்கும். பனிக்கோடரியும் கிராம்பானும் (பனியில் வழுக்காமலிருக்கக் காலணியில் மாட்டும் இரும்பு முட்கள்), அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாமல் நான் அங்கே ஏறுவதில்லை.

ஆக, எந்த ஊரில் மழை குறைவு என்பதை வைத்து நான் தேர்ந்தெடுக்கவில்லை. உச்சிக்குப் போக முடியாத நாளில் அதே அறையிலிருந்து கிளம்பி என்ன செய்யலாம், பாதி நாள் மட்டும் தெளிந்தால் அந்தப் பாதியை எங்கே செலவிடலாம் என்பதை வைத்தே தேர்ந்தெடுத்தேன்.

ஃபோர்ட் வில்லியமில் எனக்கு நடந்தது இது. இரண்டாம் நாள் மேகம் வீட்டுக்கூரைக்குச் சற்று மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. நனைந்துகொண்டே ஸ்டியால் அருவிக்குப் போய் வந்தோம். நல்ல நடைதான், வீண் போகவில்லை. மூன்றாம் நாள் காலை பதினொன்றுக்கு மேகம் விலகி உச்சி வெள்ளையாகத் தெரிந்தது. ஆனால் போக முடியவில்லை. மலையில் நடக்க ஆகும் நேரத்துக்கு ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் வகுத்த பழைய கணக்கு இன்றும் கை கொடுக்கும்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, அறுநூறு மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. பென் நெவிஸ் போய் வர ஏறத்தாழ 17 கிலோமீட்டர், ஏற்றம் கிட்டத்தட்டக் கடல் மட்டத்திலிருந்து. எங்கும் நிற்காமல் நடந்தாலே ஐந்தரை மணி நேரத்துக்கு மேல். உச்சிப் பனியில் கால் புதையும் நேரத்தை இதில் சேர்க்கவில்லை. ஊருக்குப் பின்னாலிருக்கும் கௌ ஹில், 287 மீட்டர், ஏறிவிட்டு இறங்கினோம்.

அவிமோரில் சென்ற வாரம் அதேபோல் ஒரு நாள். காலை முழுக்க மழை. பதினொன்றரைக்குக் கிளம்பி பஸ்ஸில் கிளென்மோர் போனோம். அங்கிருந்து மியல் அ வுவாகில், 'மேய்ப்பன் குன்று', 810 மீட்டர். கிளென்மோரே உயரத்தில் இருப்பதால் ஏற்றம் ஐந்நூறுக்குள் முடிந்துவிடும், சுற்று ஒன்பது கிலோமீட்டருக்குள். பச்சைக் குளத்தைத் தாண்டி ரைவோன் கல்குடிசைக்குள் நுழைந்தபோது சவ்வரிசி போன்ற பனிமணிகள் தகரக் கூரையில் சடசடவென்று விழத் தொடங்கின. கையுறையைப் பிழிந்தேன். குடுவைத் தேநீரை மூடியில் ஊற்றி இருவரும் மாறி மாறிக் குடித்தோம். கால் மணி நேரத்தில் சத்தம் நின்றது. வெளியே வந்தால் புல்லெல்லாம் வெண்மணிகள், குன்றுக்கு மேலே வெயில். உச்சியில் கற்களைக் குவித்துக் கட்டிய தடுப்புக்குள் குந்தி உட்கார்ந்து பார்த்தபோது கீழே லாக் மோர்லிக் ஏரி மின்னியது. எதிரே கெய்ர்ன் கோர்ம் கருமேகத்துக்குள் இருந்தது. அன்று அங்கே போகாமல் இருந்தது சரிதான்.

மலையே வேண்டாத நாளும் வரும். அதற்கு ரோதிமர்க்கஸ் பைன் காடு இருக்கிறது. காற்று மேலே மர நுனிகளில்தான் இரையும், கீழே நடப்பவருக்குத் தெரியாது. நடுவில் பாழடைந்த கோட்டை நிற்கும் லாக் அன் ஐலன் ஏரியை இரண்டு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். ஏப்ரலில் ஆஸ்ப்ரே பருந்துகள் ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பியிருக்கும். மழை விடவே இல்லையென்றால் ரயிலேறி வடக்கே இன்வர்னஸ், தெற்கே பிட்லாக்ரி. வண்டிகளும் நாள் முழுக்க இருக்கின்றன.

முன்னறிவிப்பில் நான் முதலில் பார்ப்பது மழையை அல்ல, காற்றை. எம்டபிள்யூஐஎஸ் மலை வானிலை அறிக்கை, காற்றில் நடப்பது எவ்வளவு சிரமம் என்பதையும், உச்சிகள் மேகமின்றி இருக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்பதையும் பகுதிவாரியாகச் சொல்லிவிடும். அதை முந்தின நாள் மாலை படித்தால் போதும், ஒரு வாரத்துக்கு முன்னால் பார்த்து மனத்தை அலட்டிக்கொள்ள வேண்டாம்.

இரண்டு நாள் முன்னதாக முடிவெடுத்துக் கிளம்ப முடிந்தவர்களுக்கு, வடகிழக்குக் காற்று நிலைத்திருக்கும் நாட்களில், நானே ஃபோர்ட் வில்லியமைத்தான் சொல்வேன். கார் இருப்பவர்களுக்கு மேற்கிலும் சின்ன மலைகள் நிறையக் கைக்கெட்டும். காரோடு நான் போனதில்லை, அதனால் அவர்களுக்கு என் கணக்கு எவ்வளவு பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அவிமோர் போகிறவர்கள் கிளென்மோரிலிருந்து திரும்பும் கடைசி பஸ்ஸின் நேரத்தைக் காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தவறவிட்டாலும் ஊர்வரை பத்து கிலோமீட்டருக்குக் காட்டுப் பாதை உண்டு. ஏப்ரல் நடுவில் எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும்.